நிற்கிற ஆள்மேல் வட்டம்

நவம்பர் 11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து நசநசவென்று மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. நல்லவேளை, இஸ்திரி ஏழுமலை ஏழு மணிக்குள் மூட்டையைக் கொண்டுவந்துவிட்டார், பெட்ஷீட்டுக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி. மது யூனிஃபார்மைச் சூட்டோடு மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள்.

வாங்க: கொசுவத்தி, இஞ்சி, மதுவுக்கு கிராஃப் நோட்டு.

தி.நகர் போய்ச் சேர ஒரு மணி நேரம். எடிட் ரூமில் ஏ.சி. ஒழுகல். கீழே பக்கெட். உட்காருவதற்குள் பதினோரு விநாடி சிசிடிவி ஒன்று வந்து விழுந்தது. மயிலாப்பூரில் செயின் பறிப்பு, காலை ஆறரை மணி, பால் வாங்க வந்த ஓர் அம்மாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருதான். யாரோ மானிட்டரை ஃபோனில் பிடித்து அனுப்பியது. எல்லாம் ஆடுகிறது, ஒரு முகமும் தெரியவில்லை. பைக் குறுக்கே போவது ஒரே விநாடி. மீதிப் பத்து விநாடியும் காலித் தெரு, ஓரத்தில் மூட்டையோடு ஓர் ஆள்.

எங்கள் சேனலில் சிசிடிவி என்றால் சிவப்பு வட்டம் கட்டாயம். வட்டம் இல்லையென்றால் ஜனம் மாற்றிவிடுமாம். சேது சொல்வான். டெஸ்க் தலைவன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன், தொண்டை மட்டும் பெரிது. இன்றும் தலைக்குமேல் நின்றுகொண்டு, எதிர் சேனல் போட்டுட்டான் போட்டுட்டான் என்று ஒரே கூச்சல். பைக்மேல் வட்டம் நிற்கவில்லை, அதற்குள் ஓடிவிடுகிறது. நிற்கிற ஆள்மேல் போட்டேன். ஃப்ரீஸ், ஜூம், பழைய திகில் மியூசிக். எழுத்து சேதுவுடையது: ‘மூட்டையுடன் நோட்டமிட்ட மர்ம நபர்’. நாலே நிமிட வேலை. பிறகு டீ.

ராத்திரி சாப்பாட்டின்போது டிவியில் அதே கிளிப் ஓடியது. “அம்மா வட்டம்!” என்று மது கத்தினாள். எங்கே சிவப்பு வட்டம் வந்தாலும் அது என்னுடையதுதான் என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிகிறாள். ரவி தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இது என்னோட நீலக்கட்டம் சட்டை மாதிரி இருக்கே” என்றார். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள், ரசம் ஆறுகிறது என்றேன்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டது. புழுக்கம்.

வட்டம் போட்ட கிளிப்தான் நேற்று எங்கள் சேனலில் முதலிடம். சேது சமோசா வாங்கிக் கொடுத்தான். தின்றேன்.

பிளாட் வாட்ஸப் குரூப்பில் அந்தக் கிளிப் ஏழு முறை. கூடவே:
– மூட்டையோட யார் வந்தாலும் கேட் திறக்காதீங்க.
– பழைய பேப்பர்காரர் இனிமேல் வேண்டாம்.
– என் தம்பி மிளகு ஸ்பிரே மொத்தமா வாங்கித் தருவான், பேர் கொடுங்க.
– இவங்களையெல்லாம் பிடிச்ச இடத்துலயே நாலு போடணும். (இது 2ஏ, ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார்.)

எதிர் வீட்டு மாமி படியிலேயே பிடித்துக்கொண்டார். “ஆத்துல தனியா இருக்கவே பயமா இருக்குடி. நாள் பூரா டிவியைப் பார்த்துண்டே இருக்கேன்.” பயமாக இருந்தால் அணைத்துத் தொலைக்க வேண்டியதுதானே. அணைக்கமாட்டார். அவர் அணைக்கமாட்டார் என்பதில்தான் எங்களுக்குச் சம்பளம்.

கேட்டுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஏழுமலையின் வண்டி தார்ப்பாய் மூடியபடி. இஞ்சி மறந்துவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

முழுவதும் எழுத வேண்டும்.

காலையில் கேட்டருகில் அஞ்சலை. ஏழுமலையின் பெண்சாதி. நேற்றுக் காலை லஸ் பக்கம் டீ குடிக்கப் போனவரை ஐந்தாறு பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். ஒருவன் ஃபோனில் கிளிப்பை ஓடவிட்டு, அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தானாம். கிளிப்பில் முகம்தான் தெரியாதே. சட்டை ஒத்துப்போனது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போலீஸ் விசாரித்து, இவர் இல்லை என்று சொல்லிவிட்டதாம்.

“நீங்க டிவிலதானமா கீறீங்க? இவுரு இல்லன்னு ஒருவாட்டி போடச் சொல்லுங்களேன்” என்றாள்.

அந்த நீலக்கட்டம் சட்டை. ரவிக்குத் தொப்பை வந்து பட்டன் மாட்டவில்லை என்று தீபாவளிக்கு நான்தான் எடுத்து ஏழுமலைக்குக் கொடுத்தேன். அந்த மூட்டை எங்கள் வீட்டு மூட்டை. பெட்ஷீட் எங்கள் பெட்ஷீட். எங்களுக்குக் கொண்டுவரும் வழியில், பைக் சத்தம் கேட்டு ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறார். ரவி சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. தட்டியதைத் தள்ளிவிட்டு ரசம் ஊற்றினேன். அதைத்தான் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அஞ்சலையிடம், கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆபீஸ் போனால் அவரை அடித்த வீடியோ எனக்கு முன்னால் வந்து காத்திருக்கிறது. தலைப்பும் ரெடி: ‘மர்ம நபருக்கு தர்ம அடி’. தர்மமாம். இவர்கள் கையில் அகப்பட்டது தர்மமும் ஓர் ஏழை மணிக்கட்டும். நான் வெட்டமாட்டேன், அவர் எங்கள் தெரு இஸ்திரிக்காரர், நேற்று முன்தினம் போட்டதற்கு மறுப்புப் போட வேண்டும் என்றேன். சேது என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“நாம எங்கக்கா திருடன்னு சொன்னோம்? மர்ம நபர்னுதானே போட்டோம்.”

வீடியோவை வேறொருத்தி வெட்டினாள். சாயங்காலம் உண்மையான ஆட்கள் இரண்டு பேரும் பிடிபட்டார்கள். அடியில் ஒரு வரி ஸ்க்ரோல். மேலே படத்துக்கு என்ன ஓடியது? பழைய கிளிப்தான், என் வட்டத்தோடு.

குரூப்பில் செக்ரட்டரி: ‘அவர் நிரபராதி என்றாலும் ரிஸ்க் வேண்டாம். வண்டியை எடுக்கச் சொல்வது பற்றி சனி காலை கூட்டம்.’ பதினோரு கட்டைவிரல். நான் போடவில்லை. அதைப் பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டேன், தூ.

நவம்பர் 14, வெள்ளி

லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாத்துக்குடி ஆறு. மழையில் குடை திருப்பிக்கொண்டது.

ஏழுமலையின் ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. கை முழங்கை வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அவர் சொன்னது: “சார் சட்டை கிழிஞ்சி போச்சிமா. ரத்தக் கறை. தப்பா நென்ச்சிக்காதீங்க.”

வெளியே வராந்தாவில் அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன். வட்டம் போட்டது நான். அவர் என்று தெரியாது. சட்டை என்று ரவி சொன்ன பிறகும் சும்மா இருந்தேன்.

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். சாத்துக்குடிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியும். டிவில வட்டம் போடறது எங்கம்மாதான்னு ஒன் பொண்ணு எத்தினி வாட்டி வண்டியாண்ட வந்து சொல்லிக்கீது. நேத்து கேட்டாண்ட நீயா வாயத் தொறப்பியான்னு பாத்துக்கினு இருந்தேன்.”

இத்தனை வருஷத்தில் முதல் ‘நீ’. போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். இதைக் கூட்டத்தில் எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டும்.

நவம்பர் 15, சனி

கார் ஷெட்டில் கூட்டம். பதினாறு பேர், ஃபிளாஸ்கில் காபி. அஞ்சலை கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். சொன்னேன். பாக்கி வைக்காமல் சொன்னேன். ரவி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவருக்கும் அதிர்ச்சி இல்லை. 2ஏ வாத்தியார், அப்படியானால் இதெல்லாம் நீங்களே போடுவதா, கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது இல்லையா என்று விசாரித்தார். மாமிக்கு வேறு கவலை.

“அப்போ நிஜத் திருடாளை எந்தச் சேனல்ல காட்டறா?”

வண்டி இருக்கலாம் என்று முடிவு. மனசு மாறி அல்ல. தீபாவளிப் பட்டெல்லாம் பெட்டி போடாமல் கிடக்கிறதாம், பக்கத்தில் வேறு ஆள் கிடையாது.

சேதுவிடமிருந்து மூன்று மிஸ்டு கால்.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி மழை. தார்ப்பாய்க்கடியில் அஞ்சலை தனியாகப் பெட்டி போடுகிறாள். வாத்தியார் வேட்டி, மாமியின் ஒன்பது கஜம், செக்ரட்டரி வீட்டுத் திரைச்சீலை எல்லாம் வண்டியில். மதுவிடம் எங்கள் மூட்டையைக் கொடுத்தனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள், மூட்டையோடு. “நம்ம துணி மட்டும் வேணாமாம்மா.”