கறந்த வரிசை

அண்ணே,

இன்று காலை துணி ஊறவைக்கச் சலவைத்தூளைத் தண்ணீரில் கொட்டினேன். அந்த நெடி என்னை நேரே கடக்வாஸ்லா சாலைப் பண்ணையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. தொண்ணூறுகளில் கோர்படியிலிருந்து இரண்டு பேருந்து மாறி அங்கே பால் பரிசோதிக்க வந்துகொண்டிருந்தேன். நீங்கள் எருமை கறப்பவர். சலவைத்தூள் கரைசலில் பாலை ஊற்றிச் சுழற்றினால், மடிநோய் உள்ள பால் மட்டும் கஞ்சிபோலக் கெட்டியாகிவிடும். "என்ன தங்கச்சி, கண்கட்டு வித்தையா?" என்று கிண்டலடிப்பீர்கள்.

ஒரு மழைக்காலத்தில் கிண்டல் ஓய்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எருமைகளுக்கு மடி கல்லாக இறுகியது. தீவனத்தைச் சந்தேகப்பட்டோம், தரையைச் சந்தேகப்பட்டோம். எந்த முரட்டு எருமையும் உங்கள் கை பட்டால் அடங்கி நிற்கும். அந்தக் கையைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

உங்களுக்குத் தோன்றியது. நோய் கண்ட எருமைகளின் பெயர்களைச் சுவரில் எழுதியிருந்தேன். வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "இது நான் கறக்குற வரிசை, தங்கச்சி" என்றீர்கள்.

"கை கழுவிட்டுத்தானே கறக்குறீங்க?"

"ஆரம்பிக்கறப்ப கழுவுவேன். ஒரு எருமைக்கும் அடுத்த எருமைக்கும் நடுவுல யாரு கழுவுறா?" விரலிடுக்கில் ஆறாத வெடிப்பைக் காட்டிக் கையை நீட்டினீர்கள். "இதையும் சோதிச்சுப் பாத்துரு."

கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் உங்கள் விரலை ஒற்றி எடுத்து மூடி வைத்தேன். மறுநாள் தட்டில் பொன்மஞ்சள் புள்ளிகள். நோயுற்ற பாலில் வளர்ந்த அதே கிருமி. கறப்பதை விட்டால் உங்களுக்குப் பேரும் இல்லை, பிழைப்பும் இல்லை. தட்டைக் கழுவிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் நீங்கள் வந்து, தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தீர்கள்.

"கண்ணுக்கே தெரியாதது! இவ்ளோ அழகா இருக்கே, பாவி!"

இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. தன்னைக் கவிழ்த்ததைப் பார்த்து ஒரு மனிதர் வியந்து நின்றார். பிறகு நேரே முதலாளியிடம் போய், "மாஜாச் ஹாத், சேட்" என்றீர்கள். என் கைதான், அவ்வளவே.

அன்றே புல் வெட்டும் வேலைக்கு மாறினீர்கள். புதுக் கைக்கு மசியாத எருமைகள் உங்களைப் பார்த்துக் கத்தின. நீங்கள் கிட்டே போகவில்லை. சில வாரங்களில் புதிதாக நோய் வருவது நின்றது.

போன மாதம் நீங்கள் போய்விட்டதாகச் சொல்லி உங்கள் மகள் தொலைபேசியில் அழுதாள். அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது விமான் நகரில் வேறு ஆய்வுக்கூடம், வேறு வேலை. ஏதாவது கெட்டுப்போய் எங்கே தவறு என்று தேடும்போது, முதல் தட்டில் என் விரலைத்தான் ஒற்றி வைக்கிறேன், அண்ணே. மறுநாள் அதைத் திறக்க ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கிறது.