பெரிய கார்புரேட்டரைக் கழற்றிவிடு

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜானகிக்கு,

நீ சுகமா? அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று போனில் வண்டியை எடுக்காதே என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு ஒரு பழைய பைக் வந்தது. வேகத்துக்காக யாரோ பெரிய கார்புரேட்டர் மாட்டியிருந்தார்கள். ஓட்டிப் பார்க்கப் போனேன். ரவுண்டானாவில் ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் இன்ஜின் திணறி நின்று, நான் கீழே விழுந்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் நல்லவேளையாகப் பிரேக் போட்டுவிட்டார். எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான், ஆறி வருகிறது.

அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. நம் வண்டிக்கும் அப்படி ஒன்றை மாட்டியது நான்தானே. "இன்னாங்க, பங்காருபேட்டை ரோட்ல நின்னு நின்னு போவுது" என்று நீ சொன்னபோது, "உனக்கு ஓட்டத் தெரியல" என்றேன். தப்பு என்னுடையது. சின்ன இன்ஜினுக்கு அது பெரிது. மெதுவாகப் போகும்போது இன்ஜின் காற்றை வேகமாக இழுக்காது, பெட்ரோலும் சரியாக ஏறாது.

பழைய கார்புரேட்டர் பீரோ மேல் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் உதய்யிடம் கொடுத்து மாட்டச் சொல். இன்ஜின் சூடான பிறகே டியூன் செய்யட்டும். நாலு நாள் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்; நுனி வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் சரி.

வண்டி ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. கூடவே நீயும் பேசு. வண்டியைப் பற்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீளமாகப் பேசு.

இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வர, பட்டறையில் என்னோடு வேலை செய்யும் விநாயக் வாசலில் நிற்கிறான்.

உன்
சித்தார்த்தன்