புறாவுக்கு ஒட்டிவிடக் கூடாத இருமல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா முழு நலம், நான் முக்கால் நலம். மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிடுவேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள், அதனால் இதில் பொய்க்கு இடமில்லை.

இரண்டு மாதமாக எனக்கு இருமல். நீ கேட்டபோதெல்லாம் தண்ணீர் புரையேறிவிட்டது என்றேனே, ஒரு மனுஷனுக்கு அத்தனை தடவை புரையேறாது. டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் போனது நம் தையற்காரரிடமும் கரண்டிடமும். கரண்ட் என்றால் அந்த எலெக்ட்ரீஷியன்தான், வயசு ஏறியும் பட்டப்பெயர் போகவில்லை. இரண்டு பேரும் என்னைப் போலவே புறா வளர்க்கிறவர்கள், எச்சத்தைப் பார்த்தே புறாவின் நோயைச் சொல்கிறவர்கள். தையற்காரர் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மஞ்சளா ஒண்ணும் படியல, வாய்ப்புண் இல்ல” என்றார். கரண்ட் என் நெஞ்செலும்பைத் தடவி, “எலும்பு தட்டுது அண்ணே, இளைச்சிட்டீங்க. கழுத்து இன்னும் திருகல. ரெண்டு நாள் தனிக்கூண்டுல போட்டுப் பாக்கலாம்” என்றான். எச்சத்தையும் எடுத்துவரட்டுமா என்று நான் கேட்க, மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு அடைத்துப்போய், கரண்ட் தண்ணீருக்கு ஓட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் அடித்த கூத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். என் இருமல் புறாக்களுக்கு ஒட்டிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. போன வருஷம் கழுத்துத் திருகல் வந்து பதினொன்று போனது உனக்குத் தெரியும். என் மூச்சால் அதுகளுக்கு ஒரு கெடுதல் வரக் கூடாது என்று, தினம் ஒரு தடவை கூட்டிய மாடிக் கூண்டை இரண்டு தடவை கூட்டினேன், பலகைகளைச் சுரண்டினேன், கூடுகளை உதறினேன். கூட்டக் கூட்ட இருமல் ஏறியது, இருமல் ஏற ஏற இன்னும் கூட்டினேன். ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன், அம்மாதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டருக்கு உன் வயசுதான் இருக்கும். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். நான் பெருமையாக நாற்பத்திரண்டு என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் இத்தனை வருஷமாக நுரையீரலுக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. “உங்களால அதுங்களுக்கு ஒண்ணும் வராது, அதுங்களாலதான் உங்களுக்கு வந்திருக்கு” என்றாள். இப்போதே விலகினால் மூச்சு ஓரளவு திரும்புமாம், விலகாவிட்டால் போகப்போக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசக்கூட முடியாதாம். வீடு வந்ததும் அழுதேன், அம்மா பார்த்துவிட்டாள்.

போன வாரம் தையற்காரர் புறாக்கள் எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டுத் தன் கூண்டுக்கு எடுத்துப்போனார். பழகும்வரை அடைத்து வைக்கிறேன் என்றார். அப்படியும் நேற்றுக் காலை ஒன்று தப்பித்து வந்துவிட்டது. சாம்பல் பெட்டை, பொரிந்த நாளிலிருந்து என் கையில் தின்றது. மூடிய கூண்டின் வாசலில் நின்று அலகால் தட்டிக்கொண்டிருந்தது. நான் மாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தையற்காரருக்குப் போன் போட்டேன். “தீனி போட்டுடாதீங்க, ஒரு தடவை உள்ள விட்டா தினமும் வரும், விரட்டிவிடுங்க” என்று சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியே போய்க் கைதட்டினேன். அது விளையாட்டு என்று நினைத்து என்னை நோக்கி நடந்து வந்தது. துண்டை எடுத்து வீசினேன், பறந்துவிட்டது. முப்பத்தாறு வருஷத்தில் என் புறாவை நானே விரட்டியது இதுதான் முதல்தடவை பாப்பா. கீழே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் கரண்ட் வந்து, அது ஒழுங்காகத் தையற்காரர் கூண்டுக்கே போய்விட்டதாகச் சொன்னான். “உங்களத் திட்டிக்கிட்டே தின்னுது அண்ணே” என்றான்.

பயந்துகொண்டு லீவு போட்டு ஓடி வராதே, அம்மா இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. உனக்கோ மாப்பிள்ளைக்கோ இருமல் வந்தால் நேரே டாக்டரைப் பார், புறாக்காரர்களைப் பார்க்காதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க எங்கள் ஆசிகள். வருஷக் கடைசியில் வரும்போது வழக்கம்போலப் பையை வாசலில் போட்டுவிட்டு நேரே மாடிக்கு ஓடிவிடாதே, அங்கே ஒன்றும் இருக்காது. கீழே நான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா