இறுகிப்போன புது இஞ்சின்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிரஷர் குளிசையை விடாமல் குடிக்கிறீங்களா? நான் சுகம்.

என் அரபி முதலாளி றிமோட்டில் ஓடும் விளையாட்டுக் கார் ஒன்று வாங்கினார். அதற்கு பெற்றரி இல்லை, நைட்ரோ எண்ணெயில் ஓடும் இஞ்சின். நம்ம ஊர் கண்டக்குழியில் புது போட் இஞ்சினைப் பழக்குவது போல, எண்ணெயைக் கூட்டி, மெல்ல ஓடவிட்டு, ஆறவிட்டுப் பழக்கினேன். புகையைக் கண்டதும் அவர், "மீன்காரா, இது உன் தோணியா?" என்று றிமோட்டைப் பறித்து முழு வேகத்தில் விட்டார். இஞ்சின் இறுகி நின்றது.

நான்தான் பழுதாக்கினேனாம். "நீங்கதானே முழுசா விட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். கலியாணத்துக்குத் தந்த லீவு போயிற்று. பாஸ்போட்டும் போனும் அவரிடம். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு உள்ள மதிப்பு இங்கே நமக்கு இல்லை. போன் இல்லாததால்தான் ஊருக்கு வரும் கூட்டாளி றிஸ்மினிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். அவன் திரும்பும்போது கொஞ்சம் மாசிக் கருவாட்டுத்தூள் அனுப்புங்க.

தங்கச்சி மபாஸாவின் கலியாணத்தைத் தள்ளிப் போடாதீங்க. வாப்பா இல்லாத வீட்டில் நிக்காஹ்வில் அவளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளியாக, வலியாக, நிற்க வேண்டியவன் நான். எனக்குப் பதிலாக சாச்சாவை நிற்கச் சொல்லுங்க. மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது அவர் வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது.

றிஸ்மின் அவசரப்படுத்துகிறான். மபாஸாவிடம் டிக்கட் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்க.

உங்கள் மகன்,
அம்ஜத்