பத்து லட்சத்து ஒன்பது பகா எண்ணா?

ஏப்ரல் 11
எங்கள் கல்லூரி நுழைவுத்தேர்வு விடைத்தாள்கள் வந்துவிட்டன. ஏழாம் கேள்வி இவர் போட்டது: ‘10,00,009 பகா எண்ணா? காரணம் கூறுக.’ விடைக்குறிப்பில், பகா எண். அதைத் திருத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. புருஷன் கேள்வி, பெண்டாட்டி மார்க் என்று ஓய்வறையில் நாள் முழுக்கக் கேலி.

ஏப்ரல் 13
ஒரு தாளில் ‘இல்லை’ என்று எழுதி, கீழே இரண்டே வரி.
1000² + 3²
972² + 235²
பூஜ்யம் போடப் போன கை நின்றுவிட்டது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு விதமாகப் பிரியும் எண் பகா எண்ணாக இருக்கவே முடியாது. கூட்டிப் பார்த்தேன். இரண்டும் சரி. அதிலிருந்தே காரணிகளும் கிடைத்தன: 293 × 3413.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். கணினியிடம் கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற மனிதர்.
“ஆயிரத்துக்குள்ள இருக்கிற எல்லாப் பகா எண்ணாலயும் கையால வகுத்துப் பாத்தாச்சு.”
“293?”
நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, “அடுத்த வாரம் துறைத்தலைவர் யாருன்னு முடிவு பண்றாங்க. இப்பவா உன் கண்ணுல இது படணும்?”

ஏப்ரல் 14
புத்தாண்டுப் பாயசத்தை இவர் தொடவில்லை.

ஏப்ரல் 15
“அந்த ஒரு தாளுக்கு மட்டும் மார்க் போட்டுட்டு விட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?” என்கிறார்.
போட்டுவிடலாமா? தப்பாக எழுதியவர்களுக்கும் முழு மார்க் போகுமே — சரியாக எழுதிய இன்னும் எத்தனை பேர் மற்றவர்கள் திருத்தும் தாள்கட்டுகளில் பூஜ்யம் வாங்கிக் கிடக்கிறார்களோ? சே, இந்த வீட்டுலயும் இருந்தாகணும், கண்ணாடியில என் மூஞ்சியயும் பாத்தாகணும். என்னதான் பண்றது?

ஏப்ரல் 16
கிளம்பும்முன் சொன்னேன்: “நீங்களே வந்து முதல்வர்கிட்ட சொல்லுங்க. நான் கூட நிக்கிறேன்.” வரவில்லை.
முதல்வர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல தெரியுமாம்மா?”
“தெரியும் சார்.” அந்தத் தாளை மேசைமேல் வைத்தேன்.

ஏப்ரல் 22
விடைக்குறிப்பு மாறியது. எல்லாத் தாளும் மறுபடி திருத்தம். தலைவர் பதவி வேறொருவருக்கு. இவர் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.
மாமியார் போனில்: “பெத்த எனக்கே அவன்கிட்ட வாய் திறக்கப் பயம். நீ இப்படிக் கவுத்துட்டியேம்மா!”

மே 9
இன்றும் வரவில்லை.

ஜூன் 19
முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பு இவருடையது. தாழ்வாரத்தில் போகும்போது குரல் கேட்டு நின்றேன். “இதைப் பகா எண்ணுன்னு நானே விடை எழுதிக் கொடுத்தேன். எங்க கோட்டை விட்டேன்னு கண்டுபிடிங்க பாப்போம்.” பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும்தான்.

சாயங்காலம் பையோடு வாசலில் நின்றார்.
“சாப்பிட்டியா?”
“இல்ல” என்றேன். சாப்பிட்டிருந்தேன்.