குதிரை உதைத்தவன்மேல் பொறாமை

அன்புள்ள ஹிஃப்ஸா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முதுகுவலி தேவலையா? உம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே வளைகுடாவில், ரூவி ஆபீஸில் எனக்கு இப்போது ஒரு வினோத வேலை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கிராமம் ஒன்றின் மரணப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். எல்லாரும் விவசாயிகள். காசநோய், பிரசவம், தொண்டை அடைப்பான் என்று போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பாவம்தான். ஆனாலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. குதிரை உதைத்த ஒருவன் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தானாம். ஒன்பது நாளும் மனைவி பக்கத்தைவிட்டு நகரவில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது. கொடுத்துவைத்தவன்! போன மாதம் எனக்கு நாலு நாள் காய்ச்சல். எல்லாரும் டூட்டிக்குப் போனபின் ரூமில் ஏசி மட்டும்தான் துணை. இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே.

'இறந்த இடம்' என்ற கட்டத்தில் அவர்கள் எல்லாருக்கும் 'வீடு' என்றே இருக்கிறது. நேற்று அந்தக் குதிரைக்காரன் வரியில் என்னையறியாமல் நம் ஊர் கீழக்கரை என்று அடித்துவிட்டேன். சூப்பர்வைசர் கலீல் பாய், "அமெரிக்காவுல ஏது பாய் கீழக்கரை?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அழித்தேன்.

இதைக் கொண்டுவரும் ரூம்மேட் சாகிர் திரும்பும்போது சுக்குப்பொடி கொடுத்தனுப்பு. பொட்டலத்தின்மேல் என் பெயரை உன் கையால் எழுது. டூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது.

கம்ப்யூட்டரில்தான் அழித்தேன், ஹிஃப்ஸா. என் கட்டத்தில் கீழக்கரைதான்.

உன் கணவன்,
அஸ்கர் அலி