சத்தியக் கடதாசியில் ஒரு ஒப்பம்

லிங்கநகர்,
திருகோணமலை.

அக்காவுக்கு,

கனடாவில் மகளுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. அவளிடம் போகக் கடவுச்சீட்டு வேண்டும். என் பிறப்புப் பதிவு எங்கும் இல்லை. கன்னியர்மடப் பள்ளியின் சேர்வு இடாப்பில் எங்கள் ஐயா இரண்டு வயது குறைத்துக் கொடுத்திருந்ததால் அதுவும் உதவவில்லை. மூன்று மாதமாகக் அரசாங்கக் கந்தோர்ப் படிகளில் ஏறி இறங்குகிறேன்.

“நீங்கள் பிறந்ததை அறிஞ்ச மூத்த ஆள் ஆரும் இருக்கினமா அம்மா?” என்று கிராம சேவகர் கேட்டார்.

“ஓம், மூதூரில அக்கா இருக்கிறா.”

“போன கிழமை ஒருத்தருமில்லை எண்டியள்,” என்று சிரித்தார்.

என் கணவரின் செத்தவீட்டிலும் வந்தவர்களிடம் எனக்கு ஒருத்தருமில்லை என்றுதான் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

நான் பிறந்த நாளைச் சொல்லி, நான் உங்கள் கூடப்பிறந்தவள் என்று நீங்கள் சத்தியக் கடதாசியில் ஒப்பமிட வேண்டும். வியாழக்கிழமை, ஒப்பத்தை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானுடன் வருகிறேன். என்னைப் பார்க்க மனமில்லாவிட்டால் அவரை மட்டும் உள்ளே எடுங்கள். நான் வாசல் படலையடியில் நிற்பேன்.

தங்கை